இந்தா, ரசம் நல்லா இருந்துச்சு

"உங்களுக்கும் வந்துச்சுங்களா அக்கா?" என்று ரஞ்சிதம் கேட்டாள். வாயில் குண்டூசி, கையில் கத்தரி, கழுத்தில் அளவு நாடா.

"எது?"

"அந்த ரசம்."

கோகிலவாணி ரவிக்கைத் துணியை மேசையில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். "வந்துது, வந்துது. சாமான் கழுவிட்டிருக்கறப்பக் காதுக்குள்ள ஒருத்தன் வந்து, 'இந்தா, உன்னைத்தான், ரசம் நல்லா இருந்துச்சு'ங்கறான். யாரு, எவருன்னு ஒண்ணும் காணோம். ரசப்பொடிக் கம்பெனிக்காரன் பேரைச் சொல்ல மறந்துட்டானாட்ட இருக்குது. வேண்டாம்னு அமுக்கிப்போட்டேன்."

"அமுக்கிட்டீங்களா? இனி அந்தாளு குரலே உங்க பக்கம் வராதுங்க்கா. எதுக்கால, மூஞ்சிக்கு நேரா நின்னு பேசினாலும் வராது. நீங்களாப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திறக்கும்."

"ரசப்பொடிக்காரனை நான் எதுக்கு எதுக்கால நிக்க வச்சுப் பேசறேன்? நல்லதாப் போச்சு."

மூலையில் ஈஸ்வரி நின்றிருந்தாள். பக்கத்துச் சந்துக்காரி. புருஷனுக்கு விசைத்தறி வேலை. அவர் பேசி யாரும் கேட்டதில்லை. கையில் தக்காளியும் கொத்தமல்லியுமாக ஒரு பை. "எனக்குத் தெனமும் வருதுங்க்கா" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே சிரித்துக்கொண்டு போனாள்.

செவிலி என்பது காதுக்குள் வைக்கிற ஒரு பொட்டுக்கடலை. அளவும் அதுதான், நிறமும் அதுதான். உலகத்தில் சத்தம் கூடிப்போயிற்று, அவரவருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் காதில் விடுகிறோம் என்று முதலில் இலவசமாகக் கொடுத்தார்கள். பேருந்துச் சீட்டு, ரேஷன், வங்கி என்று எல்லாம் அதன் வழியாக ஆனபிறகு கழற்ற முடியாமல் போயிற்று. நீங்கள் யார் பேச்சுக்குத் தலை திருப்புகிறீர்கள், யார் பேச்சுக்குத் திருப்பவில்லை என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். திருப்பாதவர்களின் பேச்சை மெல்ல மெல்ல மின்விசிறிச் சத்தமாக்கிவிடும்.

விசிறிச் சத்தமாகிப் போனவர்கள் காசு கட்டினால் மேலே வரலாம். அதற்குப் பெயர் ஏற்றிவிடுதல். முதலில் கடைக்காரர்கள் ஏற்றிவிட்டார்கள். பிறகு கட்சிக்காரர்கள். பிறகு மாமியார்கள். "யார் ஏத்திவிட்டு நீ இப்படிப் பேசறே?" என்று முன்பெல்லாம் சண்டையில்தான் கேட்பார்கள். இப்போது அதற்கு ரசீதே உண்டு. காசு கட்டிய பேச்செல்லாம் தேனில் முக்கியெடுத்த ஒரே குரலில் வரும், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பேசியது யார் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

"ரஞ்சிதம், நீ ஜாக்கெட்டு விளம்பரம் ஏத்திவிடறயே, அதாட்ட எனக்கும் ஒண்ணு ஏத்திவிடோணும்" என்றாள் கோகிலவாணி.

"நீங்க என்னங்க்கா விக்கறீங்க?"

"ஒண்ணும் விக்கலை. எங்கூட்டுக்காரருக்கு ஒரு சேதி சொல்லோணும்."

ரஞ்சிதம் குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"போன வாரம் சமையக்கட்டுல வழுக்கி விழுந்துட்டேன். 'ஏனுங்க, ஏனுங்க'ன்னு கூப்பிடறேன். அடுத்த ரூம்லதான் உக்காந்திருக்காரு. ஆடு வளக்கறது எப்படின்னு கேட்டுட்டு இருக்காரு. நம்மகிட்ட ஆடும் இல்லை, ஒண்ணும் இல்லை. பசிச்ச பொறகு எந்திரிச்சு வந்து, நான் தரையில கெடக்கறதைப் பாத்துட்டுப் பதறிப்போய்த் தூக்கினாரு. தூக்கினதெல்லாம் நல்லாத்தான் தூக்கினாரு. ஆனா கூப்பிட்டது கேக்கலையே, அம்மிணி."

"செவிலி என்ன சொல்லிச்சாமா?"

"'வழக்கமான அழைப்பு'ன்னு ஒதுக்கி வச்சிருச்சாமா. என்ற செவிலிகிட்டக் கேட்டதுக்கு அப்படித்தான் சொல்லிச்சு."

"ஒரு காயிதத்துல எழுதி வைக்கறது?"

"வச்சேன். அவரு கண்ணாடி தேடி எடுக்கறதுக்குள்ள 'முக்கியமில்லை'ன்னு செவிலியே படிச்சுச் சுருக்கிச் சொல்லிருச்சு. முன்னால போய் நின்னு பேசினா 'ம்'னு தலையாட்டறாரு. அப்புறம் எதையோ மென்னுட்டு இருக்கற மாதிரி வாய் மட்டும் அசையுது. வயசானா அப்படி அசையுமாட்ட இருக்குது."

"சரி, என்ன சேதி சொல்லோணும்?"

கோகிலவாணி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "வெள்ளிக்கிழமை காலைல சத்தியமங்கலம் பஸ்ஸுல எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். நிறுத்தோணும்னா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிறுத்தச் சொல்லு. அவ்வளவுதான்."

"போறேன்னு சொல்லாதீங்க்கா. போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க."

"வரப் போறதில்லையே."

தையல் இயந்திரம் தானாக ஒருமுறை சுற்றி நின்றது. ரஞ்சிதம் மேசை மேலிருந்த சின்ன ஒலிப்பெட்டியைத் தட்டினாள்.

"யாருக்கு ஏற்றிவிட வேண்டும்?" என்றது செவிலி.

"அவருக்குத்தான்" என்றாள் கோகிலவாணி.

"'அவர்' என்ற பெயரில் ஒருவரும் இல்லை."

"எங்கூட்டுக்காரருக்கு."

"பெயரைச் சொல்லவும்."

கோகிலவாணி ரஞ்சிதத்தைப் பார்த்தாள். "நீ சொல்லு."

"உங்க குரல்ல சொன்னாத்தான் ஏத்துக்குமுங்க்கா. இல்லாட்டி அவனவன் அடுத்தவன் பேர்ல ஏத்திவிட்டுருவானே. பாருங்க, நீங்க ஒரே ஒருக்காப் பேரைச் சொன்னா காசு கட்டவே வேண்டாம். பேரைச் சொன்னாத் தடையெல்லாம் போயிரும், நேரா உள்ளே போயிரலாம்."

"அது மட்டும் முடியாது."

"இந்தக் காலத்துல போய்..."

"காலம் மாறினா என்ன, நாக்கு மாறோணுமில்ல? ஆஸ்பத்திரில கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கறவங்கதான் சொல்லுவாங்க. கூசுது, அம்மிணி."

அவர் பெயர் மயில்சாமி. நாம் சொல்லலாம், நமக்கென்ன? கோகிலவாணிக்கு மயில் என்ற சொல்லே நாக்கில் வராது. தோட்டத்தில் மயில் இறங்கித் தக்காளிச் செடியைக் கொத்தினால், "பெரிய கோழி வந்துருச்சு, பெரிய கோழி வந்துருச்சு" என்றுதான் கத்துவாள்.

அவள் ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தாள். "இப்படி எழுதிக்க, சாமி. முருகனோட வாகனம். அதுக்குப் பின்னால ஒரு சாமி."

"வாகன விளம்பரம்" என்றது செவிலி. "புதியதா, பழையதா?"

"பழசுதான்."

"எத்தனை சக்கரம்?"

"ரெண்டு காலு. அதுல ஒண்ணு முட்டி வலி."

"பின்னால் அமர்ந்திருப்பவர் சாமியாரா?"

ரஞ்சிதம் சிரிப்பை அடக்க முடியாமல் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுங்க்கா, பேரில்லாமலும் அனுப்பலாம்" என்றாள். "ஆளு எப்படின்னு அடையாளம் சொன்னா, அதுவே தேடிப் புடிச்சுக் குடுத்துரும். நான் ஜாக்கெட்டுக்கு அப்படித்தான் பண்றது. 'கல்யாண வயசுல பொண்ணு இருக்கோணும், கை நீளம் பிடிக்கோணும்'னா அவங்களுக்கு மட்டும் போவும்."

"அப்படிச் சொல்லு. அவரை மாதிரி ஊர்ல வேற யாரு இருக்கறாங்க?" என்று கோகிலவாணி தெம்பாக ஆரம்பித்தாள். "அறுபது தாண்டின ஆளு. முன்னால முடி இல்லை. பின்னால இருக்குதுன்னு நெனச்சுட்டுப் பாக்கெட்டுல சீப்பு வச்சிருப்பாரு. போண்டான்னா உசுரு, டாக்டர் வேண்டாம்னதுனால ஒளிச்சு வச்சுத் திங்கறது. டிவியப் பாத்துட்டே தூங்கறது, அமத்தினா முழிச்சுக்கறது. சட்டை எங்கேன்னு கேக்கறது, போட்டிருக்கற சட்டையையே. எதைச் சொன்னாலும் 'ம்'."

"பொருத்தமானவர்கள் கிடைத்துவிட்டார்கள்" என்றது செவிலி.

"என்ன ரஞ்சிதம், 'கள்' போடுது?"

"பெரியவருங்கறதுனால மரியாதை குடுக்குதுங்க்கா. அந்த ஒரு சேதி மட்டும் போதுமா, வெள்ளிக்கிழமை நீங்க பேசறதெல்லாம் ஏறோணுமா?"

"எல்லாமே ஏறட்டும். போற வழில எதாச்சும் ஞாபகம் வந்தாச் சொல்லோணுமில்ல?"

அவிநாசியில் அந்த வெள்ளிக்கிழமையை இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

விடிந்ததும், அவள் சொன்ன அடையாளம் பொருந்திய, அறுபது தாண்டிய வழுக்கைத் தலையர் அத்தனை பேர் காதிலும் தேன் குரல் ஒன்று, 'இது கட்டணப் பேச்சு' என்று கூடச் சொல்லாமல் இறங்கியது. "வெள்ளிக்கிழமை காலைல சத்தியமங்கலம் பஸ்ஸுல எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்." அதோடு விடவில்லை. கோகிலவாணி பெட்டி கட்டிக்கொண்டே முணுமுணுத்ததெல்லாம் ஏறியது. "பல்லுசெட்டைக் கழுவி வைக்கறதில்லை." "ஈரத்துண்டைக் கட்டல்லயே போடறது." "நான் விழுந்து கெடந்தா, உனக்கு ஆடு முக்கியம்."

ஆடு என்ன என்றுதான் யாருக்கும் புரியவில்லை. மற்றதெல்லாம் எல்லோருக்கும் புரிந்தது. தெருத்தெருவாகப் பல்செட்டுகள் கழுவப்பட்டன. ஈரத்துண்டுகள் கொடிக்குப் போயின. சில வீடுகளில் மனைவிமார், புருஷன் தன்னைக் கண்கொண்டு பார்ப்பதைக் கண்டு, உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். மனைவி காய் வாங்கவோ கோயிலுக்கோ வெளியே போயிருந்த வீடுகளில் நிலைமை வேறு. அந்த ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினார்கள்.

கோகிலவாணி பையோடு உள்ளே நுழைந்தபோது சத்தியமங்கலம் பேருந்தைச் சுற்றி ஒரே வழுக்கை. வெயிலில் பளபளவென்று கண் கூசியது.

"எறங்குங்க பெரியவரே, பொம்பளைங்க ஏறோணும்" என்று நடத்துநர் கத்திக்கொண்டிருந்தார்.

"என்ற சம்சாரம் எறங்காம வண்டி நகராது" என்று ஒருவர் சக்கரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டிருந்தார்.

"உங்க சம்சாரம் உள்ளே இல்லீங்களே."

"தெரியும். இப்பத்தான் கேட்டேன், ஊட்லதான் இருக்காளாமா, காய் அரிஞ்சுட்டு. ஆனாலும் கோவமாத்தான் இருப்பா."

இன்னொருவர் கோகிலவாணியிடமே வந்து உற்றுப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க என்ற ஊட்டுக்காரி இல்லீங்களே?"

"உங்க ஊட்டுக்காரியை உங்களுக்கே தெரியாதா?"

"தெரியுமுங்க. ரொம்ப நாளாச் சரியாப் பாக்கலை, அதான் கேட்டேன்."

"அடக் கருமமே" என்று முணுமுணுத்தாள் கோகிலவாணி.

நிலையத்தில் இருந்த வழுக்கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் நெஞ்சில் கை வைத்தபடி வந்தார். லாரி ஓட்டி ஓய்ந்த நாச்சிமுத்து, மயில்சாமியின் சீட்டாட்டக் கூட்டாளி. "தங்கச்சி, அது நீங்களா? விடிஞ்சதுல இருந்து எங்களை வாங்கு வாங்குன்னு வாங்கினது?"

"உங்களுக்கு எப்படிண்ணா கேட்டுது?"

"போண்டா திங்கறவன் அத்தனை பேருக்கும் கேட்டுது. நான் பல்லுசெட்டைக் கழுவிட்டுத்தான் வந்திருக்கறேன், பாருங்க."

கோகிலவாணிக்கு முகம் சிவந்தது. 'கள்' என்பது மரியாதை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. "அப்ப அவரும் வந்திருக்கோணுமே? எங்கே அவரு?"

"மயிலா? மயிலுக்கு எப்படிம்மா வரும்? அவன்தான் போண்டாவை விட்டு ஒரு வருசமாச்சே. 'சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டு போச்சு'ன்னு விட்டான். உங்ககிட்டச் சொல்லலையா?"

"சொல்லலையே" என்றாள். அவர் வாய் அசைந்த நாட்களெல்லாம் ஏனோ ஒருமுறை கண்முன் வந்து போயின.

நடத்துநர் விசில் அடித்தார். சக்கரத்துக்கு முன் உட்கார்ந்திருந்தவரை நாலு பேர் தூக்கினார்கள். கோகிலவாணி படியில் கால் வைத்தாள். அந்த நேரத்தில்தான் ஒற்றைச் செருப்போடு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, விந்தி விந்தி வந்தார் மயில்சாமி. பின்னாலேயே ரஞ்சிதம்.

"அக்கா! என் பேச்சு இவருக்குக் கேக்கலீங்க்கா. கையாலயே பஸ் ஓட்டிக் காட்டி, வாயால ஆரன் அடிக்கிற மாதிரி நடிச்சு, அதுக்கப்பறந்தான் புரிஞ்சு ஓடியாறாரு!"

மயில்சாமி மனைவி முன்னால் வந்து நின்று வாயை அசைத்தார். கோகிலவாணி காதில் விசிறிதான் ஓடியது. அவள், "எதுக்கு வந்தீங்க? ஆடெல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்றாள். அவர் "ம்" என்றார். அந்த 'ம்' அவள் காதில் விழவில்லை, தலையாட்டலில் தெரிந்தது.

"இருங்க, இருங்க" என்று நாச்சிமுத்து நடுவில் புகுந்தார். "தங்கச்சி பேசறது எனக்குக் கேக்குது, காசு கட்டியிருக்குது. மயிலு பேசறதும் எனக்குக் கேக்குது, சீட்டாட்டக் கூட்டாளி. ஒருத்தரொருத்தரா எங்கிட்டச் சொல்லுங்க." அவர் மயில்சாமி பக்கம் திரும்பினார். "எதுக்கு வந்தேன்னு தங்கச்சி கேக்குது."

மயில்சாமி சொன்னார். நாச்சிமுத்து கேட்டு, கொஞ்சம் தயங்கி, கோகிலவாணி பக்கம் திரும்பினார். "வீட்டுல விசிறிச் சத்தம் ஒண்ணு ஓடிட்டே இருக்குமாமா. இன்னிக்கு நின்னு போச்சாமா. மேலே அண்ணாந்து பாத்தா, விசிறி சுத்திட்டுத்தான் இருக்குதாமா. அப்பத்தான் பயம் வந்துச்சாமா."

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்.

"இத்தனை நாளா ஒரு வார்த்தை பேசாத மனுசன்..." என்றாள் கோகிலவாணி.

நாச்சிமுத்து அதைச் சொன்னதும் மயில்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நாச்சிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. "பேசாத மனுசனா? தெனமும் பேசறானாமா. நீங்கதான் திரும்பறதே இல்லையாமா. சரின்னு, சீட்டுல செயிச்ச காசைக் கொண்டுபோய்க் கட்டி ஏத்திக்கூட விட்டானாமா. அதுக்கும் நீங்க வாயே திறக்கலையாமா."

"எனக்கு ஒண்ணும் வரலையே! என்னன்னு ஏத்திவிட்டாரு?"

நாச்சிமுத்து கேட்டுச் சொன்னார். "'இந்தா, உன்னைத்தான், ரசம் நல்லா இருந்துச்சு.'"

ரஞ்சிதம் "ஐயோ" என்று தலையில் கை வைத்தாள். கோகிலவாணி படியிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"பேரைச் சொல்லி அனுப்பறதுக்கென்ன?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"யாருக்குன்னு கேட்டுதாமா. 'அவளுக்குத்தான்'னு சொன்னானாமா. கட்டின நாள்ல இருந்து இந்தான்னுதானே கூப்பிட்டுப் பழக்கம். அப்பறம் அடையாளம் கேட்டுதாமா. 'நல்லா ரசம் வைக்கறவ'ன்னு சொன்னானாமா. கிடைத்துவிட்டார்கள்னு மரியாதையாச் சொல்லிச்சாமா."

"வேண்டாம்னு அமுக்கினது நான்தான்" என்றாள் கோகிலவாணி, யாரிடமும் இல்லாமல். ஊரில் இருந்த வழுக்கைத் தலையர் எல்லோருக்கும் அது கேட்டது. கேட்க வேண்டியவருக்குக் கேட்கவில்லை.

ரஞ்சிதம் அவள் கையைப் பிடித்தாள். "அமுக்கினவங்கதாங்க்கா திறக்கோணும். பேரைச் சொல்லுங்க."

"இத்தனை ஆம்பளைங்க முன்னாலயா?"

"இவங்களுக்குத்தானே காசு கட்டியிருக்கறீங்க."

நாச்சிமுத்து கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அறுபது தாண்டியவர்கள் அத்தனை பேரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். நடத்துநரும் ஏதோ மரியாதை போலிருக்கிறது என்று திரும்பிக்கொண்டார். சிலர் காதைப் பொத்தினார்கள். செவிலி உள்ளே இருக்கும்போது பொத்தி என்ன பயன்?

கோகிலவாணி மண்ணைப் பார்த்தாள். பையின் காதை முறுக்கினாள். நாக்கு ஒருமுறை 'முருகன்' வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கசப்பு மருந்து விழுங்குகிற மாதிரி, "மயில்சாமி" என்றாள்.

"ம்?" என்றது ஒரு குரல்.

தேனில் முக்காத குரல். சளி கட்டிய, கொஞ்சம் கரகரப்பான, இத்தனை நாளில் இன்னும் கிழடு தட்டிப்போன குரல்.

அவள் கண்ணைத் திறந்தாள். "போண்டாவை விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

"எதுக்கு விட்டீங்க? எப்பவாச்சும் ஒண்ணு திங்கலாமில்ல?"

"ஒருத்தி தினமும் திட்டினாளே, கோகிலவாணி."

அவரும் பேரைச் சொல்லிவிட்டார் என்பது பேருந்து போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த சில நாட்கள் இரண்டு பேரும் அவ்வளவு பேசினார்கள், அதில் பாதி சண்டை. "ரசத்துல உப்புக் கம்மி." "அப்ப அன்னிக்கு நல்லா இருந்துச்சுன்னது?" "அது அன்னிக்கு ரசம்." ஏற்றிவிடக் கட்டியிருந்த காசு மிச்சம் இருக்கிறது என்று செவிலி ஞாபகப்படுத்தியபோது, "இனி எதுக்கு?" என்று மயில்சாமி தினமும் போய்க்கொண்டிருந்த ரசச் சேதியை நிறுத்திவிட்டார்.

கோகிலவாணி தைத்த ரவிக்கையை வாங்கப் போன அன்று ரஞ்சிதத்தின் கடையில் ஈஸ்வரி உட்கார்ந்திருந்தாள். கையில் பை இல்லை.

"என்ன ஈஸ்வரி, தக்காளி வாங்கலையா?"

"எதுக்குங்க்கா. இப்பெல்லாம் ரசமே வைக்கறதில்லை." ஈஸ்வரி நூல்கண்டைக் கையில் எடுத்து உருட்டினாள். "நீங்கெல்லாம் கம்பெனி விளம்பரம்னு சிரிச்சீங்க. எனக்குத் தெரியும்ங்க்கா, அது அவருதான். நேர்ல சொல்லக் கூச்சம், அதான் காசு கட்டிச் சொன்னாரு. நானும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கலை. தெனமும் ரசம் வச்சேன். இப்ப ஒரு வாரமா ஒண்ணும் காணோம். என்ன தப்புப் பண்ணினேன்னு தெரீல."

ரஞ்சிதம் வாயைத் திறந்தாள். கோகிலவாணி அவள் காலை மிதித்தாள்.

"ஒண்ணும் தப்பு இருக்காது. கையில காசு இல்லாமக்கூட இருக்கும்" என்றாள் கோகிலவாணி. "வந்துரும், வந்துரும். நீ தக்காளி வாங்கிட்டுப் போ."

மறுநாள் ஈஸ்வரி வாசலுக்கே ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. "அக்கா, வந்துருச்சுங்க்கா! 'இந்தா, உன்னைத்தான்'னு ஆரம்பிச்சதுமே அழுகை வந்துருச்சு. இன்னிக்கு மிளகு கொஞ்சம் தூக்கலாப் போட்டு வச்சிருக்கறேன். கண்டுபுடிச்சுச் சொல்றாரான்னு பாக்கறேன்."

அவள் சந்து திரும்பும்வரை கோகிலவாணி வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க."

"ம்?"

"அந்த மிச்சக் காசுல இன்னொண்ணு ஏத்திவிடுங்க. மிளகு தூக்கலா இருந்துச்சு, ஆனா நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"யாருக்குன்னு கேட்டா?"

"அவளுக்குத்தான்னு சொல்லுங்க. பேரு கீரு சொல்லிராதீங்க."